யாருக்கும் சொந்தமில்லாத நீல யானை... உலகத்தின் கணக்கைச் சுமக்கும் ‘போஸ்ட்கிரெஸ்’!

காலையில் பாலுக்குப் பணம் அனுப்புவதில் தொடங்கி, பஸ் டிக்கெட், பரீட்சை ரிசல்ட், ஆஸ்பத்திரி டோக்கன், ராத்திரி பார்க்கும் சீரியல் வரை... போன் திரையை நாம் தொடும் ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் ஒரு வரி எழுதப்படுகிறது. யார், எப்போது, எவ்வளவு, பணம் போய்ச் சேர்ந்ததா? அந்த ஒரு வரி விடுபட்டால், கட்டிய பணம் கட்டாததாகிவிடும். அதே வரி இரண்டு முறை பதிவானால், ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் டிக்கெட்டோடு வந்து நிற்பார்கள்.

இந்த வரிகளை எழுதி, பத்திரப்படுத்தி, கேட்ட நொடியில் எடுத்துக் கொடுக்கும் மென்பொருளுக்குத்தான் டேட்டாபேஸ் என்று பெயர். தமிழில் தரவுத்தளம். உலகில் எத்தனையோ டேட்டாபேஸ்கள் உண்டு. ஆனால், ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’ தளம் புரோகிராமர்களிடம் ஆண்டுதோறும் நடத்தும் சர்வேயில், 2023-ம் ஆண்டு முதலிடத்தைப் பிடித்து, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதைத் தக்கவைத்துக்கொண்டது ஒரு நீல யானை. அந்த டேட்டாபேஸின் பெயர் போஸ்ட்கிரெஸ்கியூஎல். செல்லமாக, போஸ்ட்கிரெஸ். யானைதான் அதன் சின்னம். அந்த யானைக்கும் ஒரு பெயர் உண்டு, ‘ஸ்லோனிக்’. ரஷ்ய மொழியில் ‘குட்டி யானை’ என்று அர்த்தம்!

இதன் விலை? ஒரு பைசா கூடக் கிடையாது. முதலாளி? அப்படி யாரும் இல்லை. 2025 செப்டம்பர் 25-ம் தேதி இதன் 18-வது வெர்ஷன் வெளியானது. முதலாளி இல்லாத ஒரு மென்பொருளை நம்பி இத்தனை பேர் தங்கள் கணக்கை எப்படி ஒப்படைக்கிறார்கள்? புதிய வெர்ஷன்களில் என்னதான் இருக்கிறது? பார்ப்போம்.

‘என்ன வேண்டும்’ என்று சொன்னால் போதும்!

1970-ம் ஆண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தின் கலிஃபோர்னியா ஆய்வகத்தில் வேலை பார்த்த எட்கர் காட் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுவரை கம்ப்யூட்டரில் இருந்து ஒரு தகவலை எடுக்க வேண்டும் என்றால், ‘பரணில் ஏறி, மூன்றாவது பெட்டியைத் திறந்து, இரண்டாவது அடுக்கில் பார்’ என்கிற மாதிரி வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெட்டி இடம் மாறினால் புரோகிராமையே மாற்றி எழுத வேண்டும்.

காட் சொன்னது வேறு. எல்லாத் தகவலையும் எளிய அட்டவணைகளாக வைத்துக்கொள்வோம். அட்டவணைகளை ஒரு பொதுவான எண்ணால் இணைப்போம். பள்ளிக்கூடத்தில் மாணவர் பட்டியல் ஓர் அட்டவணை. கட்டண விவரம் இன்னொரு அட்டவணை. இரண்டையும் இணைப்பது அட்மிஷன் நம்பர். ‘இந்த மாதம் கட்டணம் கட்டாத எட்டாம் வகுப்பு மாணவர்கள் யார்?’ என்று கேட்டால் போதும். எந்த வழியில் தேடுவது என்பது மென்பொருளின் கவலை.

இதுதான் ‘ரிலேஷனல் டேட்டாபேஸ்’. இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கான மொழியாகப் பின்னால் வந்ததுதான் எஸ்.க்யூ.எல். காட்டுக்கு 1981-ல், கம்ப்யூட்டர் உலகின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது கிடைத்தது.

பெர்க்லியில் பிறந்த குட்டி

காட் எழுதியதைப் படித்துவிட்டு, அதைச் செய்து பார்க்கக் களமிறங்கியவர்களில் ஒருவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர். 1970-களில் தன் சகாக்களோடு சேர்ந்து ‘இங்கிரெஸ்’ என்ற டேட்டாபேஸை உருவாக்கினார். அதில் கண்ட குறைகளைச் சரிசெய்ய, 1986-ல் அடுத்த திட்டத்தைத் தொடங்கினார். இங்கிரெஸுக்குப் பின் வந்தது என்பதால் ‘போஸ்ட்கிரெஸ்’. அவருக்கும் 2014-ம் ஆண்டுக்கான டூரிங் விருது வழங்கப்பட்டது.

அந்தத் திட்டத்தில் ஸ்டோன்பிரேக்கர் ஒரு முன்யோசனை செய்திருந்தார். நம் ஊரில் வீடு கட்டும்போதே, பின்னால் மாடி எழுப்பலாம் என்று மொட்டை மாடியில் தூண் கம்பிகளை விட்டு வைப்பார்கள் அல்லவா? அதைப் போல, எதிர்காலத்தில் வரக்கூடிய புதுவகைத் தகவல்களைச் சேர்த்துக்கொள்ள இடம் விட்டே போஸ்ட்கிரெஸைக் கட்டினார். அந்தக் கம்பிகள் எப்படிப் பயன்பட்டன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பல்கலைக்கழகம் ஒரு கட்டத்தில் திட்டத்தை முடித்துக்கொண்டது. வழக்கமாக அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் 1994-ல், ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் அதில் எஸ்.க்யூ.எல். மொழியைச் சேர்த்து, இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 1996-ல் தன்னார்வலர்கள் சிலர் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். பெயரும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்றானது. அந்த ஆண்டு ஜூலை 8-ம் தேதியைத்தான் இன்றும் அதன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

முதலில் சிட்டை... அப்புறம் பேரேடு!

பழைய மளிகைக் கடைகளில் இரண்டு கணக்கு நோட்டுகள் இருக்கும். வியாபாரம் நடக்க நடக்க, வரிசையாக எழுதுவது சிட்டை. ராத்திரி கடை சாத்தும் முன், அதைப் பார்த்து ஆளுக்கு ஆள் பிரித்து எழுதுவது பேரேடு. நடுவில் மின்சாரம் போனாலும், மழையில் பேரேடு நனைந்தாலும், சிட்டை பத்திரமாக இருந்தால் கணக்கைத் திரும்ப எழுதிவிடலாம்.

போஸ்ட்கிரெஸ் செய்வதும் இதைத்தான். எந்த மாற்றமானாலும் முதலில் சிட்டையில் எழுதி, அது டிஸ்க்கில் பதிந்துவிட்டதா என்று உறுதி செய்த பிறகுதான் ‘முடிந்தது’ என்று பதில் சொல்லும். அதற்கடுத்த நொடி கரன்ட் போனாலும் கவலையில்லை. மீண்டும் உயிர் பெற்றதும், சிட்டையைப் படித்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளும்.

அப்பா கணக்கில் இருந்து மகள் கணக்குக்கு 5,000 ரூபாய் போகிறது என்றால், அங்கே கழிப்பதும் இங்கே கூட்டுவதும் ஒரே செயல். இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்கக் கூடாது. அப்பா கணக்கில் கழிந்து, மகள் கணக்கில் ஏறாமல் அந்தரத்தில் நிற்கும் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. போஸ்ட்கிரெஸ் பழைய வரியின் மேல் அழித்து எழுதாது. புது வரியைப் பக்கத்தில் எழுதி, பழையதைச் செல்லாது என்று குறித்துவைக்கும். இதனால் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் தடையில்லாமல் படிக்கலாம். செல்லாத வரிகள் குப்பையாகச் சேரும் அல்லவா? அவற்றைப் பெருக்கித் தள்ள ‘வேக்யூம்’ என்ற துப்புரவுப் பணி பின்னணியில் நடந்துகொண்டே இருக்கும். 2024 செப்டம்பரில் வந்த 17-வது வெர்ஷனில் இந்தத் துப்புரவுக்குத் தேவைப்படும் மெமரி, 20-ல் ஒரு பங்கு வரை குறைந்தது. வெளியே யாருக்கும் தெரியாத வேலைதான். ஆனால் பெரிய டேட்டாபேஸ்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஒரு கட்டளையில் பறிபோன 300 ஜி.பி.

டேட்டாபேஸ் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அதைக் கையாளும் மனிதர் தவறலாமே? அதற்கு உலகம் மறக்காத உதாரணம், 2017 ஜனவரி 31 இரவு.

புரோகிராமர்கள் தங்கள் படைப்புகளைச் சேமித்துவைக்கும் ‘கிட்லேப்’ தளம், போஸ்ட்கிரெஸில் இயங்குவது. அன்று ஒரு கோளாறைச் சரிசெய்ய நீண்ட நேரமாகப் போராடிக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், நகல் சர்வரில் செய்வதாக நினைத்து, அசல் சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜி.பி. தகவலில் மிஞ்சியது 4.5 ஜி.பி.!

சரி, பேக்கப் இருக்குமே? இருந்திருக்க வேண்டும். ஆனால், தினமும் பேக்கப் எடுக்கும் புரோகிராமின் வெர்ஷனும் டேட்டாபேஸின் வெர்ஷனும் பொருந்தாததால், பேக்கப் எடுக்கப்படவே இல்லை. ‘தோல்வி’ என்று அது அனுப்பிய மெயில்களும் யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்தில் பதிவானவை போனது போனதுதான். சுமார் 5,000 புராஜெக்ட்கள், 5,000 கமென்ட்கள், 700 புதிய கணக்குகள் பாதிக்கப்பட்டன. நடந்ததை மறைக்காமல் முழுசாக எழுதி வெளியிட்டதோடு, மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டியது அந்த நிறுவனம்.

பேக்கப் எடுப்பது ஏன் இவ்வளவு தலைவலி? முழு டேட்டாபேஸையும் ஒவ்வொரு முறையும் நகலெடுக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம். 1,000 பக்கப் பேரேட்டில் இன்று பத்துப் பக்கம்தான் மாறியிருக்கிறது என்றாலும், 1,000 பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுப்பது போல. தனியார் கருவிகள் சில இதற்கு மாற்று வழி வைத்திருந்தன. 17-வது வெர்ஷனில் போஸ்ட்கிரெஸே இதைத் தானாகச் செய்யக் கற்றுக்கொண்டது. முதலில் ஒரு முழு நகல். அதன் பிறகு மாறிய பகுதிகளுக்கு மட்டும் நகல். தேவைப்படும்போது எல்லாவற்றையும் கோத்து முழுப் பேரேடாக ஆக்கித் தர ஒரு கருவியும் கூடவே வருகிறது. நேரமும் இடமும் மிச்சம் என்பதால், அடிக்கடி பேக்கப் எடுக்கலாம்.

காத்திருக்காத சர்வர்

இப்போது 18-வது வெர்ஷனுக்கு வருவோம். அதில் அதிகம் பேசப்பட்ட மாற்றம், டிஸ்க்கில் இருந்து தகவலைப் படிக்கும் முறை.

ஹோட்டலில் ஒரு சர்வர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மேசையில் தோசை கேட்கிறார்கள். சமையலறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு, தோசை வரும் வரை அங்கேயே நிற்கிறார். தோசையைக் கொடுத்துவிட்டு வந்துதான் அடுத்த மேசையில் ‘என்ன சாப்பிடுறீங்க?’ என்கிறார். ஹோட்டல் உருப்படுமா? பெரும்பாலும் இப்படித்தான் போஸ்ட்கிரெஸ் டிஸ்க்கைப் படித்துவந்தது. ஒரு பக்கத்தைக் கேட்கும், வரும் வரை காத்திருக்கும், அப்புறம் அடுத்த பக்கம். ‘இதுவும் சீக்கிரம் தேவைப்படும்’ என்று ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஜாடை காட்டுவதுதான் அதனால் முடிந்தது.

18-ல் இது மாறிவிட்டது. பத்து மேசைக்கும் ஆர்டரைச் சேர்த்தே சமையலறையில் சொல்லிவிட்டு, எது தயாரோ அதை எடுத்துப் பரிமாறும் சர்வரைப் போல, பல பக்கங்களை ஒரே சமயத்தில் கேட்டுவைத்துவிட்டு, வந்ததில் வேலையைத் தொடர்கிறது. சில வகைப் பணிகளில் மூன்று மடங்கு வரை வேகம் கூடியிருப்பதாக அதன் வெளியீட்டு அறிவிப்பு சொல்கிறது. பெரிய அட்டவணையை முழுவதும் படிப்பது, வேக்யூம் துப்புரவு போன்ற வேலைகளுக்கு இது கைகொடுக்கும். டிஸ்க் தொலைவில் இருக்கும் கிளவுட் சர்வர்களில் பலன் இன்னும் நன்றாகத் தெரியும். தகவலை எழுதுவதற்கு இந்த வசதி இந்த வெர்ஷனில் இல்லை, படிப்பதற்கு மட்டும்தான்.

இந்த ஒரு மாற்றத்துக்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதை முன்னின்று செய்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்த்துக்கொண்டே போஸ்ட்கிரெஸை உருவாக்குபவர்களில் முக்கியமானவர். இவர் பெயர் டேட்டாபேஸ் உலகத்துக்கு வெளியேயும் பரவியது ஓர் அரை விநாடியால்!

2024 மார்ச் மாதம், போஸ்ட்கிரெஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார் ஃபிராய்ண்ட். அப்போது சோதனைக் கம்ப்யூட்டரில் லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிடச் சுமார் அரை விநாடி அதிகமாகிறது என்பதைக் கவனித்தார். வேறு யாராக இருந்தாலும் ‘நெட் ஸ்லோ’ என்று விட்டிருப்பார்கள். இவர் விடவில்லை. நூல் பிடித்துப் போனவர், ‘எக்ஸ்இசட்’ என்ற சிறிய லினக்ஸ் மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளக் கதவை வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். மார்ச் 29-ம் தேதி அதை உலகத்துக்கு அறிவித்தார். அந்தக் கெட்ட வெர்ஷன் லினக்ஸின் சோதனைப் பதிப்புகள் சிலவற்றுக்குள் புகுந்திருந்தது; பரவலாகப் பயன்படும் நிலையான பதிப்புகளுக்குள் நுழைவதற்குள் பிடிபட்டுவிட்டது. தப்பியிருந்தால், எண்ணற்ற சர்வர்களின் சாவி திருடர்கள் கையில் போயிருக்கும்.

அரை விநாடி பிசகினாலும் ‘ஏன்?’ என்று கேட்கும் அந்தக் குணம்தான், போஸ்ட்கிரெஸை நம்புகிறவர்கள் உண்மையில் நம்பும் பொருள்.

ஒரே முகூர்த்தம், இரண்டு கல்யாணம்!

18-வது வெர்ஷனில் அன்றாடத்துக்கு உதவும் வேறு சில வசதிகளும் உண்டு.

கல்யாண மண்டபத்தை ஒரே நாளில் இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘இந்த மண்டபத்துக்கு, நேரம் ஒன்றோடொன்று மோதக் கூடாது’ என்று அட்டவணையை உருவாக்கும்போதே நிபந்தனையாகச் சொல்லிவிடலாம். மோதும் பதிவை டேட்டாபேஸே ஏற்காது. ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட், ஹோட்டல் ரூம், வாடகை கார் என்று எல்லாவற்றுக்கும் பொருந்தும். முன்பும் இதற்குச் சுற்றுவழி இருந்தது. இப்போது அட்டவணையின் முதன்மை அடையாளத்திலேயே இந்த விதியைச் சேர்க்கலாம்.

அடுத்தது தேடல். பழைய டெலிபோன் டைரக்டரியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஊர், ஊருக்குள் பெயர் என்று அடுக்கியிருக்கும். ஊர் தெரியாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் முழுசாகப் புரட்ட வேண்டும். 18-ல் உள்ள ‘ஸ்கிப் ஸ்கேன்’ வசதி, ஒவ்வோர் ஊரின் பகுதிக்கும் நேராகத் தாவி, அந்தப் பெயர் இருக்கக்கூடிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குத் தாவும். ஊர்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் வேலை மளமளவென்று முடியும்.

மூன்றாவது, அடையாள எண். இன்றைய ஆப்களில் ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு நீளமான எண் தருவார்கள். குலுக்கல் முறையில் வரும் எண் என்றால், புதிய ஆர்டர்கள் பட்டியலில் தாறுமாறான இடங்களில் போய் உட்காரும். 2024-ல் தரநிலையான ‘யுயுஐடி 7’ முறையில் எண்ணின் தொடக்கமே நேரம்தான். அதனால் புதியவை வரிசையாகக் கடைசியில் சேரும். இந்த எண்ணைத் தானே உருவாக்கித் தரும் வசதி 18-ல் வந்திருக்கிறது.

பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை

கணக்கப்பிள்ளைகள் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை போட்டுவைப்பார்கள். பின்னால் ஓர் எண் மாறியிருந்தால் கூட்டல் இடிக்கும், குட்டு வெளிப்படும். போஸ்ட்கிரெஸும் தன் 8 கிலோபைட் பக்கங்களில் இப்படி ஒரு சரிபார்ப்பு எண்ணை எழுதும் வசதியை 2013 முதல் வைத்திருக்கிறது. ஆனால் அதை நாமாகக் கேட்டால்தான் செய்யும். 18 முதல், புதிதாகத் தொடங்கும் டேட்டாபேஸ்களில் கேட்காமலே செய்யும். டிஸ்க் கெட்டு ஓர் எண் மாறினால், தப்பான பதிலைக் கமுக்கமாகக் கொடுப்பதற்குப் பதில் ‘இங்கே கோளாறு’ என்று கத்தும்.

பழைய வெர்ஷனில் இருந்து புதிதுக்கு மாறுவதும் சுலபமாகியிருக்கிறது. எந்தக் கேள்விக்கு எந்த வழியில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும் என்று முடிவெடுக்க, போஸ்ட்கிரெஸ் தன் அட்டவணைகளைப் பற்றிச் சில புள்ளிவிவரங்களை வைத்திருக்கும். இதுவரை வெர்ஷன் மாறும்போது அவை தொலைந்துபோகும். புது வீட்டுக்குக் குடிபோன முதல் நாள், உப்பு டப்பாவைத் தேடி அடுக்களையில் அலைவது போல, மாறிய சில மணி நேரத்துக்கு டேட்டாபேஸ் தடுமாறும். 18-க்கு மாறும்போது, அந்தப் புள்ளிவிவரங்களில் பெரும்பாலானவையும் கூடவே வந்துவிடுகின்றன.

கமலாவா... கனகாவா?

தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வகுப்பில் கமலா, கனகா என்று இரண்டு மாணவிகள். வருகைப் பதிவேட்டில் யார் முதலில்? நம் அகரவரிசைப்படி ‘ம’ முன்னால் வரும். ‘ன’ கடைசி எழுத்து. ஆகவே கமலாதான் முதலில். ஆனால் யூனிகோட் எழுத்துப் பட்டியலில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ வைக்கப்பட்டிருக்கிறது; அதற்குப் பிறகுதான் ‘ப’, ‘ம’. கம்ப்யூட்டர் அந்த எண்களை மட்டும் பார்த்து அடுக்கினால் கனகா முந்திவிடுவாள்!

போஸ்ட்கிரெஸில் 2017-ல் வந்த 10-வது வெர்ஷன் முதல், மொழிகளின் வரிசை முறை தெரிந்த ‘ஐசியூ’ என்ற நூலகத்தைப் பயன்படுத்தலாம். அதில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் கமலாவுக்கு அவளுடைய இடம் கிடைத்துவிடும்.

வரிசை என்பது அழகுக்காக மட்டுமல்ல. 2018-ல் லினக்ஸின் அடிப்படை நூலகம் ஒன்றின் புதிய வெர்ஷனில், எழுத்துகளை அடுக்கும் விதிகள் மாறின. பழைய விதிப்படி அடுக்கிய பட்டியலில் புதிய விதிப்படி தேடினால் என்ன ஆகும்? இருக்கும் பெயரே ‘இல்லை’ என்று வரும். ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்டேட் செய்த சிலருக்கு இந்த அதிர்ச்சி காத்திருந்தது. அதனால்தான் 17-வது வெர்ஷனில், வெளியாரை நம்பாமல் போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே ஒரு வரிசை முறையைக் கொண்டுவந்தார்கள். வேகமானது, நிலையானது. ஆனால் அது எழுத்தின் எண்ணை வைத்து அடுக்குவது. எனவே, தமிழ்ப் பெயர்களைத் திரையில் வரிசையாகக் காட்ட வேண்டிய ஆப் என்றால், அந்த இடத்தில் ஐசியூவின் தமிழ் வரிசையைக் கேட்டு வாங்க வேண்டும்.

விட்டு வைத்த கம்பியில் எழுந்த மாடி

மாடி எழுப்பக் கம்பி விட்டு வைத்ததாகச் சொன்னோமே... அதன் பலன் இப்போது ஏ.ஐ. காலத்தில் தெரிகிறது.

வரைபடத் தகவல்களைச் சேமிக்க 2001-லேயே ‘போஸ்ட்ஜிஐஎஸ்’ என்ற இணைப்பு வந்தது. உலக மக்கள் சேர்ந்து வரையும் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ வரைபடம் போஸ்ட்கிரெஸில்தான் இருக்கிறது. 2021-ல் ‘பிஜிவெக்டர்’ என்ற இன்னோர் இணைப்பு வந்தது. ஏ.ஐ. மென்பொருள்கள் ஒரு வாக்கியத்தையோ படத்தையோ நீண்ட எண் வரிசையாக மாற்றிவைத்துக்கொள்ளும். அர்த்தம் நெருக்கமாக இருந்தால் எண்களும் நெருக்கமாக இருக்கும். ‘ஜுரம்’ என்று தேடினால் ‘காய்ச்சல்’ பற்றிய குறிப்பும் கிடைப்பது இதனால்தான். அந்த எண் வரிசைகளைப் போஸ்ட்கிரெஸிலேயே வைத்து, நெருக்கமானதைத் தேட பிஜிவெக்டர் உதவுகிறது. இதற்கென்று தனி டேட்டாபேஸ் வாங்காமல், இருக்கும் வீட்டிலேயே மாடி எழுப்பிக்கொள்கிறார்கள் பலர்.

சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனமும் போஸ்ட்கிரெஸைப் பயன்படுத்துகிறது. எழுதுவதற்கு ஒரே ஒரு முதன்மை சர்வர், படிப்பதற்குப் பல டஜன் நகல் சர்வர்கள் என்று வைத்துச் சமாளிப்பதை அதன் பொறியாளர்களே பொதுமேடையில் விவரித்திருக்கிறார்கள்.

விலைக்கு வாங்க முடியாது!

யாருக்கும் சொந்தமில்லை என்பது அவ்வளவு முக்கியமா? பக்கத்து வீட்டுக் கதையைப் பார்த்தால் புரியும்.

இலவச டேட்டாபேஸ்களில் நீண்ட காலம் கொடிகட்டிப் பறந்தது மைஎஸ்க்யூஎல். அது ஒரு நிறுவனத்தின் சொத்து. 2008-ல் சன் நிறுவனம் சுமார் 100 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. கட்டண டேட்டாபேஸ் விற்கும் ஆரக்கிளின் கைக்கே இலவசப் போட்டியாளர் போனதில் பலருக்கும் கவலை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், அதே நிரலில் இருந்து ‘மரியாடிபி’ என்று தனிக்குடித்தனம் தொடங்கினார். மூத்த மகள் ‘மை’ பெயரில் முதலாவது, இளைய மகள் ‘மரியா’ பெயரில் இரண்டாவது! மாங்கோடிபி 2018-லும், ரெடிஸ் 2024-லும் தங்கள் உரிம விதிகளை இறுக்கின. ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால், விதிகள் ஒரே நாளில் மாறலாம்.

போஸ்ட்கிரெஸுக்கு அந்தப் பயம் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்பதுதான் அதன் உரிமம். 2025-ல் டேட்டாபிரிக்ஸ் நிறுவனம் ‘நியான்’ என்ற போஸ்ட்கிரெஸ் சேவை நிறுவனத்தைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஸ்னோஃப்ளேக் நிறுவனம் ‘கிரன்ச்சி டேட்டா’வை வாங்கியது. வாங்கியது எல்லாம் கடைகளைத்தான். யானையை யாரும் வாங்கவில்லை, வாங்கவும் முடியாது.

2020-ல் ஒரு சோதனை வந்தது. போஸ்ட்கிரெஸ் துறையின் இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தன. அதனால், வழிநடத்தும் மையக் குழுவின் ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே நிறுவனத்தின் ஊழியர்களாகிவிட்டார்கள். ‘பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்தவர் கூடாது’ என்பது அங்கே எழுதப்படாத விதி. குழு உடனே இரண்டு பேரைச் சேர்த்து ஏழாக விரித்தது. சேர்ந்த இருவரில் ஒருவர், அரை விநாடியைத் துரத்திய அதே ஃபிராய்ண்ட்.

இலவசம்... ஆனால் கவனம் வேண்டும்!

இவர்கள் எல்லோரும் சம்பளம் இல்லாமல் சேவை செய்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். முக்கிய உருவாக்குநர்களில் பலருக்கு, போஸ்ட்கிரெஸை நம்பித் தொழில் நடத்தும் நிறுவனங்கள் சம்பளம் கொடுக்கின்றன. ஆனால் எந்த மாற்றமும் பொதுவெளியில் விவாதிக்கப்பட்டு, பிறர் சரிபார்த்த பிறகுதான் உள்ளே வரும். காத்திருப்பு நீளும். சில வசதிகள் வெளியீட்டுக்குச் சற்று முன்பு ‘இன்னும் தயாராகவில்லை’ என்று திரும்பப் பெறப்பட்டதும் உண்டு. வேகத்தைவிடக் கணக்கு சரியாக இருப்பது முக்கியம் என்பது அவர்கள் வழக்கம்.

பயன்படுத்துபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஆண்டுக்கு ஒரு பெரிய வெர்ஷன் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள்தான் பராமரிப்பு. 13-வது வெர்ஷனுக்கு 2025 நவம்பரோடு கெடு முடிந்துவிட்டது. இனி அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் திருத்தம் வராது. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ‘எம்டி5’ என்ற பழைய முறையையும் கைவிடப்போவதாக 18-வது வெர்ஷனில் அறிவித்துவிட்டார்கள். இன்னும் அதில் இருப்பவர்கள் புதிய முறைக்கு மாறிக்கொள்வது நல்லது.

பள்ளி, கிளினிக், சிறுதொழில், ஸ்டார்ட்அப் என்று எதை நடத்தினாலும், உங்கள் மென்பொருளைப் பார்த்துக்கொள்பவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நாம் எந்த வெர்ஷனில் இருக்கிறோம்? கடைசியாக எப்போது பேக்கப் எடுத்தோம்? எடுத்த பேக்கப்பை ஒருமுறையாவது வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தோமா?

மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், முதல் வேலையாக இன்றைக்கே அதைச் செய்யச் சொல்லுங்கள்!